வீட்டுக்குள் இணையும் ரிமோட் டெஸ்க்டாப் வெளியிலிருந்து மட்டும் இணைய மறுக்கிறது: எங்கே தடை?

அளவுகோல் எழுதியது:

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். "விண்டோஸை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள்" என்று யாரும் எழுத வேண்டாம். அந்தக் கணினியில்தான் என் வரைபட மென்பொருள், அதன் உரிமம், பல ஆண்டுகளாக நானே வரைந்து சேர்த்த கதவு, சன்னல், படிக்கட்டுத் தொகுப்புகள் எல்லாம் இருக்கின்றன. அழிக்கச் சொல்கிறவருக்குப் பதில் எழுதும் பொறுமை எனக்கில்லை.

கட்டட வரைபடம் போடுவது என் தொழில். வீட்டில் இருப்பது கனமான மேசைக் கணினி. விண்டோஸ் 11 புரோ, நல்ல வரைகலை அட்டை, ரூட்டருக்கு நேரடிக் கேபிள். வெளியே எடுத்துப்போவது மெல்லிய மடிக்கணினி. முப்பரிமாணக் கோப்பு ஒன்றைத் திறந்தால் போதும், அதன் விசிறி அலற ஆரம்பித்துவிடும். அதனால் எங்கே இருந்தாலும் ரிமோட் டெஸ்க்டாப்பில் வீட்டுக் கணினிக்குள் நுழைந்து அங்கேயே வரைவேன். ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் நுழையும் வாசலின் எண்ணை, அந்தக் கணினிக்குத் திருப்பி வைத்திருந்தேன். வெளி முகவரி மாறினால் தேடி அலையாமல் இருக்க ஒரு டைனமிக் டிஎன்எஸ் பெயரும் உண்டு. நீண்ட காலமாக ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அண்மையில் பழைய செப்புக் கம்பி இணைப்பை எடுத்துவிட்டு, வேறு நிறுவனத்தின் ஃபைபர் இணைப்புக்கு மாறினோம். வேகத்தைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதிலிருந்து வெளியிலிருந்து வீட்டுக் கணினியைத் தொட முடியவில்லை. கணினியில் நான் எதையும் மாற்றவில்லை.

பார்த்தவற்றைச் சொல்கிறேன். வீட்டுக்குள் மடிக்கணினியிலிருந்து 192.168.1.40 என்று கொடுத்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைகிறது. அதே மடிக்கணினியைக் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் போட்டு டிஎன்எஸ் பெயரைக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, தொலைவிலுள்ள கணினியோடு இணைய முடியவில்லை, அது அணைந்திருக்கலாம் என்கிறது. அணையவில்லை, எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். புதிய ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் விதியை எழுதி, சேமித்து, ரூட்டரை அணைத்துப் போட்டாயிற்று. 192.168.1.40 மாறாமல் இருக்க, ரூட்டர் வீட்டுக்குள் முகவரி பகிரும் டிஹெச்சிபியில் ஒதுக்கியும் வைத்திருக்கிறேன். சிறிது நேரம் விண்டோஸ் ஃபயர்வாலை நிறுத்திப் பார்த்தேன். வித்தியாசம் இல்லை, திரும்ப இயக்கிவிட்டேன். டிஎன்எஸ் பெயர் காட்டும் முகவரியும், "என் ஐபி என்ன" என்று கேட்டால் இணையதளங்கள் காட்டும் முகவரியும் ஒன்றுதான்.

சேவை நிறுவனத்தைக் கூப்பிட்டால், "எங்கள் பக்கம் எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் கணினியைப் பாருங்கள்" என்று இனிமையாகச் சொல்கிறார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேறு எங்கே பார்ப்பது?


சும்மாவந்தவன் எழுதியது:

அக்கா, சில நிறுவனங்கள் 3389ஐ மட்டும் அடைத்து வைத்திருக்கும். ரூட்டரில் வெளிப்பக்கம் 45000 போல ஏதாவது ஓர் எண்ணைக் கொடுத்து, உள்பக்கம் 3389க்கே திருப்பிவிடுங்கள். இணையும்போது பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி போட்டு அந்த எண்ணைச் சேர்க்க வேண்டும். எனக்கு இப்படித்தான் சரியானது.

இல்லையென்றால் இந்தத் தலைவலியே வேண்டாம், டீம்வியூவர், எனிடெஸ்க், குரோம் ரிமோட் டெஸ்க்டாப் என்று எதையாவது போட்டுக்கொண்டு போய்விடலாம்.


கம்பிவடம் எழுதியது:

கேள்வியை ஒழுங்காக எழுதியிருக்கிறீர்கள். இது அபூர்வம். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

வீட்டுக்குள் இணைகிறது என்றால் ரிமோட் டெஸ்க்டாப் சேவை ஓடுகிறது, விண்டோஸ் பதிப்பு சரியானது (ஹோம் பதிப்பாக இருந்தால் உள்ளேயே இணைந்திருக்காது. அந்தப் பதிப்பு பிற கணினிகளுக்குள் போகும், பிறரை உள்ளே விடாது), கணக்குக்கு அனுமதி இருக்கிறது. ஃபயர்வால் விதி உள் வலையமைப்புக்கு மட்டும் என்று குறுக்கப்பட்டிருக்கலாம் என்று ஒரு சந்தேகம் வரும். அதை நிறுத்திப் பார்த்ததால் அந்தச் சந்தேகமும் போயிற்று. ஆகவே கணினியை விட்டு எழுந்துவிடுங்கள். இனி அதில் தேட எதுவும் இல்லை.

போர்ட் எண்ணை மாற்றும் யோசனை, நிறுவனம் 3389ஐ மட்டும் வடிகட்டினால் பலிக்கும். முயன்று பாருங்கள், நட்டமில்லை. ஆனால் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு.

ரூட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், "வான்" (WAN) அல்லது "இன்டர்நெட்" நிலை என்று இருக்கும் இடத்தில் ரூட்டருக்குக் கிடைத்திருக்கும் வெளி முகவரி என்ன என்று பாருங்கள். இணையதளம் காட்டும் முகவரியோடு அதை ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் போர்ட் விதியில் கோளாறு, மேலே பேசுவோம். ரூட்டரில் 192.168 என்றோ 10 என்றோ தொடங்கும் முகவரி இருந்தால், உங்கள் ரூட்டருக்கு முன்னால் இன்னொரு ரூட்டர் இருக்கலாம். ஃபைபர் பெட்டியே ஒரு ரூட்டராகவும் வேலை செய்து, அதற்குப் பின்னால் நீங்கள் உங்கள் சொந்த ரூட்டரை மாட்டியிருந்தால் இப்படி ஆகும். அப்போது பெட்டியை, ரூட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினால் தீரும். 100 என்று தொடங்கி, இரண்டாவது எண் 64க்கும் 127க்கும் இடையில் இருந்தால், கதை வேறு.

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். வீட்டிலிருந்தே கட்டளைச் சாளரத்தில், செய்தி போகும் வழியைப் படிப்படியாகக் காட்டும் டிரேசர்ட் கட்டளைக்கு அந்த இணையதளம் காட்டிய முகவரியைக் கொடுங்கள். முகவரி உண்மையிலேயே உங்கள் ரூட்டருடையது என்றால் முதல் படியிலேயே பயணம் முடிந்துவிட வேண்டும். இரண்டு மூன்று படிகள் தாண்டிப் போனால், அந்த முகவரிக்குச் சொந்தக்காரர் நீங்கள் அல்லர்.

முழு முகவரியை இங்கே ஒட்டாதீர்கள். முதல் இரண்டு எண்கள் போதும்.


அளவுகோல் எழுதியது:

ரூட்டரில் இருப்பது 100.72 என்று தொடங்குகிறது. இணையதளம் காட்டுவது முற்றிலும் வேறு. டிரேசர்ட் ரூட்டரைத் தாண்டி, 10 என்று தொடங்கும் ஏதோ ஒன்றைத் தாண்டி, அதற்கப்பால் நட்சத்திரக் குறிகளாகப் போட்டுக்கொண்டே போனது. நடுவில் நிறுத்திவிட்டேன். சும்மாவந்தவன் சொன்ன 45000ஐயும் போட்டுப் பார்த்தேன், பலனில்லை.

ஆக, நான் ரூட்டரில் எழுதி வைத்த விதி, வரைபடத்தில் கதவைப் போட்டுவிட்டுச் சுவரை அப்படியே மூடிக் கட்டியது போல. அப்படித்தானே?

புரியாதது ஒன்று. டைனமிக் டிஎன்எஸ் பெயர் எப்படி அந்த இன்னொரு முகவரியைச் சரியாகக் காட்டியது? அது சரியாக இருந்ததால்தான் இணைப்பின் மீது எனக்குச் சந்தேகமே வரவில்லை. வாடிக்கையாளர் சேவையில் பேசியவருக்கு இது தெரியாதா? தெரிந்தும் "எங்கள் பக்கம் சரி" என்கிறார்களா?


கம்பிவடம் எழுதியது:

அப்படியேதான். இதற்குப் பெயர் கேரியர் கிரேடு என்ஏடி, சுருக்கமாக சிஜிஎன்ஏடி.

ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் தீர்ந்து வெகு நாளாயிற்று. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் வட்டாரப் பதிவகங்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டார்கள். புதிதாகக் கடை விரிக்கும் இணைய நிறுவனத்துக்கு ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு முகவரி கொடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் ஒரே பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டு, ஒவ்வொரு வீட்டு ரூட்டருக்கும் உள் புழக்கத்துக்கான முகவரி ஒன்றைக் கொடுக்கிறார்கள். இதற்காகவே 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான தொகுதியை 2012இல் ஆர்எஃப்சி 6598 என்ற இணைய நெறிமுறை ஆவணம் ஒதுக்கி வைத்தது. உங்கள் 100.72 அதற்குள் இருக்கிறது.

நீங்கள் ஒரு தளத்தைத் திறக்கும்போது உங்கள் வேண்டுகோள் நிறுவனத்தின் சாதனத்தைக் கடந்து போகிறது. அது "இந்த வீட்டிலிருந்து இந்த வழியாகப் போனது" என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. பதில் வரும்போது அந்தக் குறிப்பைப் பார்த்து உங்களிடம் அனுப்புகிறது. ஆனால் நீங்கள் ஹாட்ஸ்பாட்டிலிருந்து பொது முகவரியின் 3389ஐத் தட்டும்போது, உள்ளிருந்து யாரும் முன்கூட்டி எதையும் கேட்டிருக்கவில்லை. அட்டவணையில் குறிப்பு இல்லை. அந்த முகவரிக்குப் பின்னால் இருக்கும் எத்தனையோ வீடுகளில் யாருக்கு அனுப்புவது? தூக்கி எறிந்துவிடுகிறது. உங்கள் ரூட்டர் வரை எதுவும் வந்து சேர்வதே இல்லை. அதனால்தான் விதியைத் திருத்தி எழுதினாலும், ஃபயர்வாலை நிறுத்தினாலும், போர்ட்டை மாற்றினாலும் ஒன்றும் அசையவில்லை.

டிஎன்எஸ் பெயர் பொய் சொல்லவில்லை. அந்தச் செயலி வெளியே இருக்கும் ஒரு சேவையகத்திடம் "நான் எந்த முகவரியிலிருந்து வருகிறேன்" என்று கேட்டு, வந்த பதிலைப் பதிகிறது. வந்த பதில் பங்கு முகவரி. சரியான விடைதான், உங்களுக்கு உதவாத விடை.

வாடிக்கையாளர் சேவையைப் பற்றி: அவர்கள் முன்னால் இருக்கும் திரையில் "இணைப்பு இயங்குகிறது" என்று பச்சையாகத் தெரியும். வெளியிலிருந்து உள்ளே வருவதைப் பற்றி அந்தத் திரைக்கு எதுவும் தெரியாது. "எனக்கு சிஜிஎன்ஏடி இல்லாத பொது ஐபிவி4 முகவரி வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். சில நிறுவனங்கள் தனிக் கட்டணத்துக்குத் தருகின்றன, சில வணிக இணைப்புக்கு மட்டும் தருகின்றன. "என் ரிமோட் டெஸ்க்டாப் வேலை செய்யவில்லை" என்று கேட்டால் மறுபடியும் கணினியைப் பார்க்கச் சொல்வார்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் அதையும் கேட்க மாட்டேன். உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புக்கு சிஜிஎன்ஏடி தடை போடுவதில்லை அல்லவா? இரண்டு கணினிகளும் தாமே வெளியே வந்து சந்தித்துக்கொள்ளும்படி செய்தால் போதும். டெயில்ஸ்கேல் என்ற செயலி இதைத்தான் செய்கிறது. அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற மறையாக்கத் தனிவழி. இரண்டு கணினிகளிலும் நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலையான முகவரி கிடைக்கும். ரிமோட் டெஸ்க்டாப்பில் 192.168.1.40க்குப் பதில் அதைக் கொடுங்கள். ரூட்டரில் எந்த விதியும் வேண்டாம்.

குழம்பிவிடாதீர்கள்: டெயில்ஸ்கேல் கொடுக்கும் முகவரியும் 100 என்றுதான் தொடங்கும். அதுவும் அதே தொகுதியிலிருந்து எடுப்பதுதான். ரூட்டரில் பார்த்த 100.72க்கும் அதற்கும் தொடர்பில்லை.

தனி வயர்கார்டு அமைப்பதும் நல்ல வழி, ஆனால் ஒரு முனையிலாவது பொது முகவரி வேண்டும். உங்களுக்கு இரு முனையிலும் இல்லை, கைப்பேசி ஹாட்ஸ்பாட்டும் பெரும்பாலும் இதே சிஜிஎன்ஏடிக்குப் பின்னால்தான் இருக்கும். அப்படியென்றால் நடுவில் வாடகைக்கு ஒரு சேவையகம் எடுக்க வேண்டும். ஒரு கணினிக்கு அது அதிகம்.

சும்மாவந்தவன் சொன்ன செயலிகளும் உள்ளிருந்து வெளியே போகும் இதே உத்தியில்தான் வேலை செய்கின்றன, அவற்றைக் குறை சொல்லவில்லை. ஆனால் அவை எதிர்முனைத் திரையைப் படமாக அனுப்புபவை. ரிமோட் டெஸ்க்டாப் உங்கள் மடிக்கணினித் திரையின் அளவுக்கே ஒரு தனி அமர்வைத் திறக்கும். மெல்லிய கோடுகளை நாள் முழுக்கப் பார்க்கிறவருக்கு அந்த வேறுபாடு கண்ணில் தெரியும்.


தாழ்ப்பாள் எழுதியது:

கம்பிவடம் மென்மையாகச் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். நாளைக்கே பொது முகவரி கிடைத்தாலும் 3389ஐத் திறக்காதீர்கள், சகோதரி. உங்கள் நிறுவனம் தெரியாமலேயே உங்களுக்கு ஓர் உதவி செய்திருக்கிறது.

பொது முகவரியில் 3389 திறந்திருந்தால் அதைத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அப்படித் திறந்திருந்த கணினி ஒன்றின் நிகழ்வுப் பதிவேட்டைப் பார்க்க வாய்த்தது. தோல்வியுற்ற நுழைவுகளுக்கான 4625 என்ற எண் பக்கம் பக்கமாக நின்றது. அட்மினிஸ்ட்ரேட்டர், அட்மின், டெஸ்ட், யூசர், ஸ்கேனர் என்று பெயர்களை மாற்றி மாற்றி முயன்றுகொண்டே இருந்தார்கள். போர்ட்டை 45000க்கு மாற்றினால் இரைச்சல் குறையும். எல்லாப் போர்ட்டையும் தட்டுகிறவனுக்கு அது ஒரு தடையே இல்லை.

வலுவான கடவுச்சொல் இருக்கிறதே என்பீர்கள். 2019 மே மாதம் ப்ளூகீப் என்ற ஓட்டை வெளியானது. விண்டோஸ் 7லும் அதற்கு முந்தையவற்றிலும் ரிமோட் டெஸ்க்டாப் திறந்திருந்தால், கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே நிரலை ஓட்டலாம். 2014இலேயே ஆதரவை நிறுத்திய எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அதை அடைக்கும் ஒட்டு வெளியிட வேண்டி வந்தது. அந்த ஓட்டை உங்கள் விண்டோஸ் 11ஐத் தொடாது. அடுத்த ஓட்டை எதைத் தொடும் என்று யார் சொல்வார்கள்?


அளவுகோல் எழுதியது:

தாழ்ப்பாள் ஐயா, அச்சுறுத்தல் வந்து சேர்ந்துவிட்டது. "நல்லதுதான் நடந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் கேட்ட மாற்றம் மடிக்கணினியின் அலறும் விசிறிக்குப் பின்னால் காத்திருந்தபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை.

டெயில்ஸ்கேலை இரண்டிலும் நிறுவினேன். ஹாட்ஸ்பாட்டிலிருந்து பிங் போகிறது. பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கட்டளைக்கு 3389 போர்ட்டைக் கொடுத்தால் வெற்றி என்கிறது. நுழைவுப் பெட்டியும் வருகிறது. அங்கேதான் இப்போது முட்டுகிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் விவரங்கள் செல்லவில்லை என்கிறது. இதே மடிக்கணினியில் வீட்டுக்குள் 192.168.1.40க்குப் போனால் எதுவுமே கேட்காமல் உள்ளே விடுகிறது! ஒரே கணினி, ஒரே கணக்கு. கடவுச்சொல் சரியானதுதான், அதே கடவுச்சொல்லில் உலாவியில் மின்னஞ்சலைத் திறக்க முடிகிறது.


கம்பிவடம் எழுதியது:

அருமையான முடிச்சு. மூன்று கேள்விகள். வீட்டுக் கணினியில் தினமும் எப்படி நுழைகிறீர்கள், பின் (PIN) எண்ணா, கடவுச்சொல்லா? மைக்ரோசாஃப்ட் கணக்கின் கடவுச்சொல்லை அண்மையில் மாற்றினீர்களா? 192.168.1.40க்கு விவரங்களைச் சேமித்தது மாற்றியதற்கு முன்பா, பின்பா?


அளவுகோல் எழுதியது:

பின் எண். மாற்றினேன், இணையத்தில், இந்த ஃபைபர் மாற்றத்துக்குச் சற்று முன்னால். சேமித்தது அதற்கும் வெகு காலம் முன்பு. பின் எண்ணையும் அந்தப் பெட்டியில் கொடுத்துப் பார்த்தேன், ஏற்கவில்லை.


கம்பிவடம் எழுதியது:

எல்லாம் பொருந்துகிறது. ரிமோட் டெஸ்க்டாப் சேமிக்கும் விவரம் கணினிக்கு அல்ல, நீங்கள் தட்டிய முகவரிக்கு உரியது. 192.168.1.40க்கு ஒரு பதிவு இருக்கிறது, அதில் பழைய கடவுச்சொல். புதிய டெயில்ஸ்கேல் முகவரிக்குப் பதிவு இல்லை, அதனால் கேட்கிறது. நீங்கள் புதிய கடவுச்சொல்லைக் கொடுக்கிறீர்கள்.

பழையது செல்கிறது, புதியது செல்லவில்லை. காரணம், உங்கள் வீட்டுக் கணினி இன்னும் புதிய கடவுச்சொல்லைப் பார்க்கவே இல்லை. இணையத்தில் மாற்றிய பிறகு அதன் முன்னால் உட்கார்ந்து நீங்கள் கடவுச்சொல்லால் நுழையவில்லை, பின் எண்ணால்தான் நுழைகிறீர்கள். அதன் நினைவில் இருப்பது பழையது. பின் எண் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லுபடியாகும், தொலைவிலிருந்து அதை ஏற்காது.

திரையைப் பூட்டுங்கள். நுழைவுத் திரையில் "நுழைவு விருப்பங்கள்" என்பதை அழுத்தி, பின் எண்ணுக்குப் பதில் கடவுச்சொல்லைத் தேர்ந்து, புதியதை ஒருமுறை கொடுத்து நுழையுங்கள். இணைய இணைப்பு இருக்கும்போது செய்யுங்கள். கடவுச்சொல் என்ற விருப்பமே தெரியாவிட்டால் அமைப்புகளில் கணக்குகள், நுழைவு விருப்பங்கள் என்று போய், மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (பின் எண், முகம், விரல் ரேகை) மட்டும் என்ற பொத்தானை அணைத்துவிட்டு, வெளியேறி, மறுபடி பாருங்கள்.

செய்து முடித்ததும் மடிக்கணினியில் 192.168.1.40க்கான சேமிப்பு செல்லாமல் போகும். விண்டோஸ் நுழைவு விவரங்களைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் அதை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளிருந்து இணைய முடியவில்லை என்று இன்னொரு கேள்வி எழுத வேண்டியிருக்கும்.

பெட்டி மின்னஞ்சலை மட்டும் ஏற்காமல் முரண்டு பிடித்தால், அதற்கு முன்னால் "மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்" என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டி, பின்சாய்வுக் கோடு ஒன்றையும் சேர்த்துக் கொடுங்கள்.


அளவுகோல் எழுதியது:

நுழைந்துவிட்டேன். கடவுச்சொல் விருப்பம் ஒளிந்துதான் இருந்தது, ஹலோ பொத்தானை அணைத்ததும் வெளியே வந்தது. ஆறுதலான பெருமூச்சு.

ஆனால் சுட்டி இழுக்கிறது. கோட்டைப் பிடித்து நகர்த்தினால் அது யோசித்துவிட்டுப் பின்னால் வருகிறது. பழைய செப்புக் கம்பியில்கூட இவ்வளவு மந்தம் இல்லை. அட்டவணை நிரப்புகிறவர்களுக்கு இது போதும், வரைகிறவருக்குப் போதாது.


கம்பிவடம் எழுதியது:

இரண்டு பக்கமும் சிஜிஎன்ஏடி இருந்தால் இது நடக்கும். டெயில்ஸ்கேல் முதலில் இரு கணினிகளையும் நேராக இணைக்கப் பார்க்கும். இரு பக்கத்துச் சாதனங்களும் போர்ட்டுகளை விடாமல் மாற்றிக்கொண்டிருந்தால் அது முடியாமல், தன் இடைநிலைச் சேவையகம் வழியாக அனுப்பும். மறையாக்கம் அப்படியேதான் இருக்கும், அந்தச் சேவையகத்தால் உங்கள் திரையைப் படிக்க முடியாது. சுற்றுவழி என்பதால் தாமதம் மட்டும் கூடும். கட்டளைச் சாளரத்தில் டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ் கொடுத்தால் வீட்டுக் கணினிக்கு எதிரே "டைரக்ட்" என்று இருக்கிறதா, "ரிலே" என்று இருக்கிறதா தெரியும்.

ரிலே என்றால் உங்கள் ரூட்டரில் ஐபிவி6, அதாவது ஐபிவி4க்கு அடுத்து வந்த புதிய முகவரி முறை, இயங்குகிறதா என்று பாருங்கள். ஃபைபர் நிறுவனங்களும் கைப்பேசி நிறுவனங்களும் பல இடங்களில் ஐபிவி6 தருகின்றன. ரூட்டரில் அது அணைந்து கிடப்பதும் உண்டு. ஐபிவி6இல் முகவரிப் பஞ்சம் இல்லை, முகவரியைப் பங்கிடும் வேலையும் இல்லை. இரு முனையிலும் அது இருந்தால் நேரடி வழி கிடைக்க நல்ல வாய்ப்பு. ரூட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலை மட்டும் அணைத்துவிடாதீர்கள், அது இருந்தபடியே இது நடக்கும். தாழ்ப்பாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.


தாழ்ப்பாள் எழுதியது:

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.


அளவுகோல் எழுதியது:

ரூட்டரில் ஐபிவி6 அணைந்தே இருந்தது. இயக்கிவிட்டு ஹாட்ஸ்பாட்டிலிருந்து போனேன். முதலில் ரிலே என்று காட்டியது, சற்று நேரத்தில் டைரக்ட் என்று மாறியது. இப்போது கோடு சுட்டியோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. அலுவலக வலையமைப்பிலிருந்து இன்னும் ரிலேதான். அங்கே என் கை எட்டாது, விட்டுவிடுகிறேன்.

இனி சிறு விஷயங்கள். பகலில் வெளியே இருக்கும்போது வீட்டுக் கணினி தூங்கிவிடுகிறது, பிறகு எழுப்ப முடிவதில்லை. ரூட்டர் இருக்கிறதே, டெயில்ஸ்கேல் வழியாகத் தட்டி எழுப்ப முடியாதா? அடுத்தது, நான் உள்ளே போனதும் தம்பிக்கு முன்னால் இருக்கும் திரை பூட்டிக்கொள்கிறது. அவன் விளையாட்டின் நடுவில் இருந்தான். வீட்டில் பெரிய சச்சரவு.


கம்பிவடம் எழுதியது:

எழுப்பும் செய்தி என்பது 102 பைட் அளவு: ஆறு பைட் முழுக்க ஒன்றுகள், பிறகு வலையட்டையின் முகவரி 16 முறை. அதை உள் வலையமைப்பில் எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபரப்ப வேண்டும். தூங்கும் கணினியில் டெயில்ஸ்கேலும் தூங்குகிறது, அதனால் அதன் வழியாகப் போகாது. வீட்டில் எப்போதும் விழித்திருக்கும் ராஸ்பெரி பை போன்ற சிறு கணினி ஒன்று இருந்தால், அதற்குள் நுழைந்து அங்கிருந்து ஒலிபரப்பலாம். சில ரூட்டர்களின் நிர்வாகப் பக்கத்திலேயே இதற்கொரு பொத்தான் உண்டு. நீங்கள் கேபிளில் இணைத்திருப்பது நல்லதாயிற்று, வைஃபையில் இது பெரும்பாலும் ஏமாற்றும். முழுவதுமாக அணைத்த கணினியை எழுப்ப வேண்டுமானால் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸிலும் அனுமதி கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் வேண்டாம் என்றால், மின்சாரத்தில் இருக்கும்போது தூங்காதே என்று அமைத்துவிட்டுத் திரையை மட்டும் அணையவிடுங்கள். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். மின்சாரம் போய் வந்தால் தானே இயங்கும்படி பயாஸில் ஓர் அமைப்பு இருக்கும், அதையும் இயக்கிவையுங்கள். அப்படித் தானே இயங்கும்போது யாரும் உள்நுழைந்திருக்க மாட்டார்கள். ஆகவே டெயில்ஸ்கேல் பட்டியில் "ரன் அன்அட்டெண்டட்" என்பதைத் தேர்ந்துவிடுங்கள், இல்லையென்றால் யாராவது நுழையும் வரை அது இணையாது.

டெயில்ஸ்கேலின் சாதனச் சாவி வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். நீங்கள் வெளியூரில் இருக்கும் நாளாகப் பார்த்து அது வரும். நிர்வாகப் பக்கத்தில் வீட்டுக் கணினிக்கு மட்டும் காலாவதியை நிறுத்திவையுங்கள். மடிக்கணினிக்கு நிறுத்தாதீர்கள், அது தொலையக்கூடிய பொருள்.

தம்பி விஷயத்தில் நான் உதவ முடியாது. விண்டோஸ் 11 ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் அமர்த்தும். நீங்கள் தொலைவிலிருந்து நுழைந்தால் முன்னால் இருப்பவர் எழுந்தாக வேண்டும்.


தாழ்ப்பாள் எழுதியது:

ரூட்டரில் அந்த 3389 விதியும், 45000 விதியும் இன்னும் இருக்கின்றனவா? இப்போது அவற்றால் தீங்கில்லை. என்றாவது நிறுவனம் சொல்லாமல் கொள்ளாமல் பொது முகவரிக்கு மாற்றினால் அன்றைக்கே கதவு திறந்துகொள்ளும். செயலிகள் ரூட்டரில் தாமே போர்ட் திறக்க விடும் யுபிஎன்பியையும் ஒரு முறை பாருங்கள், வேறு எந்தச் செயலியாவது தானாக எதையாவது திறந்து வைத்திருக்கலாம்.


அளவுகோல் எழுதியது:

இரண்டையும் நீக்கிவிட்டேன். டைனமிக் டிஎன்எஸ் கணக்கையும் மூடிவிட்டேன். யுபிஎன்பி பட்டியலில் இரண்டு வரிகள் இருந்தன, இரண்டும் தம்பியின் விளையாட்டினுடையவை. அவற்றை இன்று தொட எனக்குத் துணிவில்லை.